விஷுவல்ஃபோர்ஸிலிருந்து லைட்னிங் வெப் காம்போனென்ட்ஸுக்கு: ஒன்றரை வருடம் மாற்றிப் பார்த்தபின்

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லைட்னிங் வெப் காம்போனென்ட்ஸுக்கு 5-க்கு 4. கம்பெனிகள் வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை இணையத்திலேயே வைத்து நடத்தும் சேல்ஸ்ஃபோர்ஸில் சொந்த ஸ்கிரீன் எழுதப் பழைய வழி விஷுவல்ஃபோர்ஸ், புதிய வழி இது. அங்கே பழைய ஸ்கிரீன்களை வைத்துக்கொண்டு “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தள்ளிப்போட்டவன்தான், நாலு வருஷம்.

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு வெளியிலிருந்து வேலை செய்து கொடுக்கிறேன். டீலர் ஆர்டர், சர்வீஸ் புகார், வாரண்டி எல்லாமே அவர்களுக்கு 2012 முதல் சேல்ஸ்ஃபோர்ஸில்தான் ஓடுகிறது. ரெடிமேடாக வரும் ஸ்கிரீன்கள் போதாமல் நாங்களே எழுதியது 31 பக்கங்கள். பெரும்பாலும் விஷுவல்ஃபோர்ஸ். நடுவில் 2017 வாக்கில், சேல்ஸ்ஃபோர்ஸின் அடுத்த தலைமுறையான ஆராவில் நாங்கள் எழுதிய சில துண்டுகள். இது போதாதென்று, ஒரு காலத்தில் எல்லாரும் செய்தார்களே என்று விஷுவல்ஃபோர்ஸுக்குள் கூகுளின் ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கான ஏஞ்சுலர்ஜேஎஸ்ஸைத் திணித்து எழுதிய பக்கம் இரண்டு. அந்த ஏஞ்சுலர்ஜேஎஸ்ஸுக்கு ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தும் போனது. ஒரே ஆர்க்கில் (ஒரு கம்பெனியின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கு) இரண்டு தலைமுறை, கூடவே வாடகைக்கு வந்த ஒரு விருந்தாளி.

விஷுவல்ஃபோர்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பக்கத்தைச் சர்வரே தயாரித்து அனுப்பும், நீங்கள் ஒரு பட்டனைத் தட்டினால் படிவம் மொத்தமும் திரும்பச் சர்வருக்குப் போய், அங்கே மறுபடி பக்கம் தயாராகி வரும். இடையில் எதுவும் மறந்துபோகாமல் இருக்க, பக்கத்தின் நிலையையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் போட்டு ஒவ்வொரு தடவையும் அங்குமிங்கும் தூக்கிக்கொண்டு அலையும். வியூ ஸ்டேட் என்று பெயர். அதற்கு 170 கேபி வரம்பு. எங்கள் ஆர்டர் பக்கத்தில் முப்பது வரிக்கு மேல் போனால் அந்தப் பெட்டி நிரம்பி எரர் அடிக்கும். இதற்கு சேல்ஸ்ஃபோர்ஸைத் திட்டிப் பயனில்லை, விலைப்பட்டியல் முழுவதையும் கண்ட்ரோலரில் (பக்கத்தின் பின்னால் சர்வரில் ஓடும் கோடு) ஒரு வேரியபிளில் தூக்கி வைத்துவிட்டு அதற்கு டிரான்சியன்ட் (இதை வியூ ஸ்டேட்டில் சேர்க்காதே) என்று போடாமல் விட்ட மகானுபாவர் ஒருவர் இருக்கிறார். நான்தான் அது. ஆனால் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆர்டர் போடும் பிரிவில் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்கள், “25 லைனுக்கு மேல் வந்தால் இரண்டு ஆர்டராகப் போடவும்” என்று. அந்தச் சீட்டு ஒட்டி ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பது மாற்ற ஆரம்பித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

சரி, ஆரா. 2014-இல் லைட்னிங் என்ற பெயரோடு அது வந்தபோது வேறு வழியும் இருக்கவில்லை, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்றைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடும் காம்போனென்ட் (தனியாக எழுதி வேண்டிய இடத்தில் பொருத்தும் திரைத்துண்டு) என்ற ஒன்றும் கிடையாது, ஜாவாஸ்கிரிப்டில் மாட்யூலும் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் அவர்களே சொந்தமாகச் செய்துகொண்டார்கள். ஒரு சின்னப் பட்டனுக்குக்கூட ஒரு மார்க்கப் ஃபைல், ஒரு கண்ட்ரோலர், ஒரு ஹெல்ப்பர், தேவைப்பட்டால் ரெண்டரர். சர்வரிடம் ஒரு கேள்வி கேட்க ஆக்‌ஷனை உருவாக்கி, கால்பேக் வைத்து, வரிசையில் போட்டு, வந்த பதில் சக்சஸா எரரா என்று பார்த்து… ஒரு விலையை எடுத்துவர இருபது வரி. வருத்தம் அதுவும் அல்ல. ஆரா கற்றுக்கொண்டவன் அதை வேறு எங்கேயும் கொண்டுபோய் விற்க முடியாது, வெளியில் ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகத் தெரிந்தவன் உள்ளே வந்தால் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊர் பேசும் பாஷை ஒன்று, வீட்டுக்குள் பேசும் பாஷை ஒன்று.

லைட்னிங் வெப் காம்போனென்ட்ஸ் (இனி எல்டபிள்யூசி, கை வலிக்கிறது) இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 2018 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 63 வந்தபோது கஸ்டம் எலிமென்ட்டும் (நாமே உருவாக்கும் எச்டிஎம்எல் டேக்) ஷேடோ டாமும் (வெளி ஸ்டைல் காம்போனென்டுக்குள் நுழையாமல் காக்கும் வேலி) அதிலும் நுழைந்தன, குரோமிலும் சஃபாரியிலும் அதற்கு முன்பே வந்தாயிற்று. அதே டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் எல்டபிள்யூசியை அறிவித்தது, 2019 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறந்துவிட்டது, மே மாதம் ஓப்பன் சோர்ஸாகவும் கொடுத்தது. பிரவுசரே செய்யும் வேலையைப் பிரவுசரிடமே விட்டுவிட்டு, சேல்ஸ்ஃபோர்ஸ் டேட்டாவோடு பேசும் பகுதியை மட்டும் மேலே மெல்லிசாகப் பூசியிருக்கிறார்கள். மற்ற கம்பெனிகளும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. எஸ்ஏபியிடம் யுஐ5 வெப் காம்போனென்ட்ஸ் இருக்கிறது. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸின் கிரேயான்ஸும் வெப் காம்போனென்ட் தொகுப்புதான்.

ஒரு காம்போனென்ட் என்றால் ஒரு எச்டிஎம்எல் ஃபைல், ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸ், அது எங்கே தோன்றலாம் என்று சொல்லும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல். அவ்வளவுதான். போன வருஷம் எங்களிடம் சேர்ந்த பையனுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் என்றால் என்ன என்றே தெரியாது, கல்லூரியில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தான். கிட்ஹப்பில் சேல்ஸ்ஃபோர்ஸே போட்டிருக்கும் எல்டபிள்யூசி ரெசிப்பீஸ் என்ற மாதிரிக் கோடுத் தொகுப்பைப் பார்த்து மூன்றாம் நாள் ஒரு ஸ்டாக் விட்ஜெட்டை எழுதிக்கொண்டு வந்து நின்றான். ஆராவில் இது நடந்திருக்காது. இதற்கு மட்டுமே நான் மூன்று மார்க் கொடுத்துவிட்டேன்.

இனி அடிபட்ட கதை.

முதல் பக்கத்தை நான் மாற்றவில்லை, மொழிபெயர்த்தேன். விஷுவல்ஃபோர்ஸ் பக்கத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வரிக்கு வரி எல்டபிள்யூசியில் எழுதி 1,400 வரியில் ஒரே காம்போனென்ட். ஓடியது. ஆனால் பழைய வீட்டின் சுவரை இடிக்காமல் டைல்ஸ் மட்டும் ஒட்டியதுபோல் இருந்தது, ஒரு தள்ளுபடி விதியை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் படிக்க வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஐந்து துண்டாக எழுதினோம்: டீலர் விவரம், வரிகள், தள்ளுபடி, ஸ்டாக், மொத்தம். வெளியே இருக்கும் காம்போனென்ட் அப்பா, அதற்குள் இருப்பது பிள்ளை; அப்பாவிலிருந்து பிள்ளைக்கு டேட்டா கீழே இறங்கும், பிள்ளை ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஈவென்ட்டாக மேலே அனுப்பும். ஆராவில் இருந்த இருவழி பைண்டிங் (எந்தப் பக்கம் மாற்றினாலும் மறுபக்கமும் மாறுவது) இங்கே இல்லை, யார் எப்போது மதிப்பை மாற்றினார்கள் என்று தேடும் வேலையும் அதனாலேயே போயிற்று. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு இதற்கு முன் எப்படி வாழ்ந்தோம் என்று தோன்றும். ஈவென்ட் பெயரை முழுக்க சின்ன எழுத்தில் வையுங்கள், நடுவில் ஒரு பெரிய எழுத்தை விட்டுவிட்டு அப்பாவின் காதில் ஏன் விழவில்லை என்று அரை நாள் தேடினேன். எரர் வராது, சத்தமே இருக்காது.

ஒயர் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் மிகப் பிடித்ததும் முதலில் என்னை அழவைத்ததும் அதுதான். இந்த ரெக்கார்டின் இந்த ஃபீல்டுகள் வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும், ஐடி மாறும்போதெல்லாம் டேட்டா தானாக வந்து சேரும், ஒரே ரெக்கார்டை நாலு காம்போனென்ட் கேட்டாலும் லைட்னிங் டேட்டா சர்வீஸ் ஒரு பொதுக் கேஷிலிருந்து (ஏற்கெனவே வந்த டேட்டாவைச் சேமித்து வைக்கும் இடம்) எடுத்துக் கொடுத்துவிடும், சர்வருக்கு நாலு தடவை ஓட வேண்டியதில்லை. ஆனால் வந்த டேட்டா உறைந்திருக்கும். அதன் மேலேயே “அளவு 5” என்று எழுதப் போனால் படிக்க மட்டும்தான் அனுமதி என்று எரர். நகல் எடுத்து நகலைத்தான் திருத்த வேண்டும். கன்சோலில் எட்டிப் பார்த்தாலோ மதிப்புக்குப் பதில் ப்ராக்ஸி என்று ஒரு மூடிய டப்பா தெரியும். அதை ஜேசனாக்கி மறுபடி ஆப்ஜெக்டாக்கி அச்சடிக்கும் அந்த ஒரு வரியை எல்டபிள்யூசி எழுதும் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேஷ் விஷயத்தில் இன்னொன்று. நாம் ஏபெக்ஸில் (சேல்ஸ்ஃபோர்ஸின் சர்வர் பக்க மொழி) எழுதிய மெத்தடை ஒயரில் கட்ட வேண்டுமென்றால் அதைக் கேஷ் செய்யலாம் என்று குறித்தாக வேண்டும். குறித்தோம். விலைப் பிரிவில் காலையில் ஒரு மோட்டாரின் விலையை மாற்றினார்கள், ஆர்டர் பிரிவில் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த ஸ்கிரீனில் பழைய விலையே நின்றது. ரெஃப்ரெஷ் ஏபெக்ஸ் என்ற ஒரு ஃபங்ஷனை சரியான இடத்தில் கூப்பிட்டால் தீரும். டாக்குமெண்டில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான் படித்திருக்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பாடம் எடுத்தவர் ஆர்டர் போடும் ஒரு அக்கா. இருபது வருஷமாக அதே நாற்காலி. மவுஸைத் தொடவே மாட்டார், டேப் விசையிலேயே ஒரு ஆர்டரை முடித்துவிடுவார். புது ஸ்கிரீன் போன முதல் நாளே ஒரு டீலருக்கு ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிவிட்டது. சர்வர் லாகைத் துழாவிவிட்டு நேரில் போய் நின்றேன்.

“அக்கா, சேவ் பட்டனை ரெண்டு தடவை அழுத்துனீங்களா?”

“ஆமா தம்பி. முன்னாடி எல்லாம் ஸ்கிரீன் ஒரு நிமிஷம் வெள்ளையாப் போயிட்டு வரும், அப்பத்தான் சேவ் ஆச்சுன்னு தெரியும். இதுல ஒண்ணுமே ஆகலையே?”

பக்கம் முழுவதும் புதுப்பிக்கப்படாமல் வேலை நடக்கிறது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் அவருக்கு “ஒண்ணுமே ஆகலை”. வலது மூலையில் பச்சையாக ஒரு டோஸ்ட் (தானாக மறையும் சின்ன அறிவிப்பு) வந்துபோனது உண்மைதான், ஆனால் அவர் கண் அடுத்த காகிதத்தில் இருந்தது. தப்பு என்னுடையது. சேவ் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டனைச் செயலிழக்கச் செய்திருக்க வேண்டும், ஸ்பின்னர் காட்டியிருக்க வேண்டும், முடிந்ததும் ஆர்டர் நம்பரைப் படிவம் இருந்த இடத்திலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். விஷுவல்ஃபோர்ஸில் பிரவுசரின் வெள்ளைத் திரை இந்த வேலையை இலவசமாகச் செய்து வந்திருக்கிறது, அது போகும்போது கூட என்னென்ன போகிறது என்று யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்தை மாற்றும் முன்பும் அதைத் தினமும் பயன்படுத்துகிறவரின் பின்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன். டேப் விசை எந்த வரிசையில் நகர்கிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்கிறேன்.

பழையதும் புதியதும் ஒன்றாக வாழ்வது பற்றி. ஆரா காம்போனென்டுக்குள் எல்டபிள்யூசியை வைக்கலாம், எல்டபிள்யூசிக்குள் ஆராவை வைக்க முடியாது. இந்த ஒரு விதியே வேலையின் வரிசையைத் தீர்மானித்துவிடுகிறது: அடியில் இருக்கும் சின்னத் துண்டிலிருந்து மேலே ஏறி வர வேண்டும், மேலிருந்து இறங்க முடியாது. விஷுவல்ஃபோர்ஸ், ஆரா, எல்டபிள்யூசி என்ற மூன்று தலைமுறையும் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 2020-இல் லைட்னிங் மெசேஜ் சர்வீஸ் வந்தது, ஒரே திரையில் விஷுவல்ஃபோர்ஸும் எல்டபிள்யூசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எங்களைப்போன்ற வீடுகளுக்கு அது பெரிய உதவி. ஒரே நாளில் எல்லாவற்றையும் இழுத்து மூடி மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கம் பக்கமாக, கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினோம். ஆனால் அதே தயவுதான் ஆளைச் சோம்பேறியாக்குகிறது. 2008 வாக்கில் வந்த விஷுவல்ஃபோர்ஸ் இன்றும் ஓடுகிறது, சேல்ஸ்ஃபோர்ஸின் பழைய முகமான கிளாசிக் திரையும் இன்னும் இருக்கிறது, 2015-இல் லைட்னிங் எக்ஸ்பீரியன்ஸ் என்ற புது முகம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் கணக்குப் பிரிவில் ஒருவர் காலையில் லாகின் செய்ததும் முதல் வேலையாகக் கிளாசிக்குக்கு மாற்றிக்கொள்கிறார். உடையாததை யார் பட்ஜெட் போட்டு மாற்றுவார்கள்? முதலாளியிடம் பணம் வாங்க எனக்கு உதவியது மானிட்டரில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டுதான். ஒரே டீலரின் ஒரே லோடு இரண்டு ஆர்டராகப் பிரிந்ததால் தள்ளுபடி அடுக்கு தப்பாக விழுந்த ஆர்டர்களை எடுத்துக் காட்டினேன், அன்று மாலையே சரி என்றுவிட்டார்.

இப்போது அந்த ஒரு மார்க் எங்கே போனது என்பது.

ஷேடோ டாம் என்று சொல்கிறார்களே தவிர, எல்டபிள்யூசி வந்த காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 போன்ற பழைய பிரவுசர்களும் ஓட வேண்டியிருந்ததால் அதை ஜாவாஸ்கிரிப்டாலேயே போலி செய்து வைத்தார்கள். சிந்தெட்டிக் ஷேடோ. அந்தப் போலியின் குணங்கள் சில இன்னும் கூடவே வருகின்றன, எலிமென்டுக்கு நீங்கள் கொடுத்த ஐடி ஓடும்போது வேறாக மாறிவிடுவது அதில் ஒன்று. வேலி தேவையில்லாத இடத்தில் லைட் டாம் என்று ஒரு வழி இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்துகிறோம். ரெடிமேடாக வரும் டேட்டாடேபிள் அருமையான சரக்கு, ஆனால் அதற்குள் நம் சிஎஸ்எஸ் நுழையாது. அவர்கள் திறந்து வைத்த ஸ்டைலிங் ஹூக் வழியாக மட்டும் போகலாம். தலைப்பு வரிசைக்குக் கம்பெனி நிறம் வேண்டும் என்று மார்க்கெட்டிங் ஆள் கேட்டால் அவருக்கு ஷேடோ டாம் என்றால் என்ன என்று நின்று விளக்க வேண்டும்.

வெளி லைப்ரரிகளை நேராக என்பிஎம்மிலிருந்து (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கு) இழுத்துக்கொள்ள முடியாது, ஃபைலை ஸ்டாட்டிக் ரிசோர்ஸாக ஏற்றி அங்கிருந்து லோட் செய்ய வேண்டும். காம்போனென்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காக்க முன்பிருந்த லாக்கர் சர்வீஸ் பல சார்ட் லைப்ரரிகளின் கழுத்தைப் பிடிக்கும். அதற்குப் பதில் வந்திருக்கும் லைட்னிங் வெப் செக்யூரிட்டி எவ்வளவோ தேவலை. பிறகு, டெவலப்பர் கன்சோலில் எல்டபிள்யூசி எழுத முடியாது. விஎஸ் கோடும் கமாண்ட் லைனும் வேண்டும். டெவலப்பருக்கு அது வழக்கமான விஷயம், ஜெஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியில் டெஸ்ட் எழுத முடிவதெல்லாம் ஆராவில் கனவு. ஆனால் விஷுவல்ஃபோர்ஸ் பக்கத்தில் ஒரு லேபிளைப் பிரவுசரிலேயே திறந்து திருத்திக்கொண்டிருந்த கம்பெனி அட்மினுக்குக் கதவு மூடிவிட்டது. அவர் இப்போது லேபிள் மாற்றவும் எனக்குத்தான் போன் செய்கிறார். அதற்குத்தான் கஸ்டம் லேபிள் (கோடைத் தொடாமல் அட்மினே திருத்தக்கூடிய எழுத்து), தெரியும், எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதல் முறை திறக்கும்போது வேகம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். லைட்னிங் எக்ஸ்பீரியன்ஸே ஒரு பெரிய ஒற்றைப் பக்க அப்ளிகேஷன், ஏகப்பட்ட சாமான்களை இறக்கிக்கொண்டுதான் எழுந்து நிற்கும். குடோனில் இருந்த 4 ஜிபி கம்ப்யூட்டர்களுக்கு ராம் கூட்டிய பிறகுதான் அங்கே முணுமுணுப்பு நின்றது. எழுந்து நின்ற பிறகு வரி சேர்ப்பது, தள்ளுபடி மாறுவது எல்லாம் விரலோடு விரலாக நடக்கிறது. 60 வரி ஆர்டர் ஒன்றைப் போட்டுக் காட்டினேன், மூச்சுவிடவில்லை.

செலவு பற்றிக் கேட்பார்கள். எல்டபிள்யூசிக்குத் தனியாகக் காசு இல்லை, அது ஏற்கெனவே கட்டும் லைசென்ஸுக்குள் இருக்கிறது. செலவு முழுவதும் ஆள் சம்பளம்தான். எங்கள் கணக்கில் மாற்றி எழுதும் நேரத்தைவிடப் பழைய கண்ட்ரோலரில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் போனது. வாரண்டி தேதியில் ஏன் ஏழு நாள் கூட்டியிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ரிட்டையர் ஆகி மூன்று வருஷம். போன் போட்டோம். லாரி போய்ச்சேர ஆகும் நாளாம்.

மாற்றவே கூடாத இடமும் உண்டு. விஷுவல்ஃபோர்ஸ் பக்கத்தில் ஒரே ஒரு பண்பைச் சேர்த்தால் அது பிடிஎஃப்பாக வந்துவிடும். அதற்கு நேரான ஒன்று எல்டபிள்யூசியில் கிடையாது. கொட்டேஷன், டெலிவரி சலான் போன்ற நான்கு பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, எல்டபிள்யூசி பட்டன் ஒன்றிலிருந்து அவற்றைத் திறக்கிறோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மொத்த 31-இல் 19 முடிந்தது. ஆறு பக்கங்களை யாருமே திறப்பதில்லை என்று தெரிந்ததும் அழித்தோம், இந்த வேலையிலேயே சந்தோஷமான நாள் அது. நான்கு பிடிஎஃப். பாக்கி அந்த ஏஞ்சுலர் பக்கங்கள் இரண்டு, அதில் ஒன்று வாரண்டி. அதைத் திறந்தால் பொங்கல் லீவு போய்விடும் என்று தெரிவதால் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.